பெட்டிக்குள் போகாத கோழிகள்

என் கணவர் பெட்டி செய்கிறவர். சேதராப்பட்டில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வெகுகாலமாக வேலை பார்க்கிறார். பல்பு, பிஸ்கட், மருந்துப் புட்டி, மிக்சி என்று எதைக் கையில் கொடுத்தாலும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, இதற்கு எத்தனை அடுக்கு அட்டை வேண்டும், எங்கே மடிப்பு வர வேண்டும், எங்கே காற்றுத் துளை போட வேண்டும் என்று சொல்லிவிடுவார். பெண் பார்க்க வந்த அன்று என்னையும் ஏறக்குறைய அப்படித்தான் பார்த்தார். அப்படிப்பட்டவர் தன் கையால் செய்த பெட்டிகளை நான்கு கோழிகள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர் வாழ்க்கையில் அவருக்கு நேர்ந்த பெரிய அவமானம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கோழிகளை நாங்கள் தேடிப் போகவில்லை. பாகூர்ப் பக்கம் கொடுத்திருக்கும் என் நாத்தனார் வீட்டில் ஒரு காதுகுத்து. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது நாத்தனார் ஒரு சாக்குப்பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். பையில் ஓட்டை போட்டு நான்கு தலைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று செவலை, ஒன்று சாம்பல், ஒன்று புள்ளி. இன்னும் கொஞ்ச நாளில் முட்டை வைக்கிற பருவம், கடை முட்டையைத் தின்று நாக்குச் செத்துப்போன தம்பிக்காக வளர்த்தது என்றார். ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அந்தப் பையை முதலியார்பேட்டை வரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அரியாங்குப்பம் பாலத்தில் காற்று அடித்தபோது நான்கும் ஒரே பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்தன. பக்கத்தில் பஸ்ஸில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள்.

எங்கள் வீடு, மில் வேலையில் இருந்த என் மாமனார் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது. ரயில்பெட்டி மாதிரி நீளமாகப் போய்ப் பின்னால் ஒரு சின்ன தோட்டத்தில் முடியும். தோட்டம் என்பது ஒரு முருங்கை மரம், ஒரு துவைக்கிற கல், பலகைக் கல் போட்டு மூடிய கிணறு, அவ்வளவுதான். அதற்கப்புறம் தோளுயரத்துக்கு ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் மதாம் வீடு.

மதாம் என்றால் வெள்ளைக்காரம்மா என்று நினைத்துவிட வேண்டாம். எங்களைப் போலத் தமிழ்க் குடும்பம்தான். அவருடைய கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். அவர் காலமான பிறகு மதாம் தனியாக இருக்கிறார். வயது எழுபதுக்கு மேல். வீட்டில் இருந்தாலும் பவுடர் போட்டு, மடிப்புக் கலையாத கவுன் போட்டுக்கொண்டு இருப்பார். கோழிகள் வந்த சமயத்தில் அவருக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

காரணம் முருங்கை மரம். ஒரு மழைக்காலத்தில் மரத்திலிருந்த கம்பளிப்பூச்சிகள் கூட்டமாக மதில் ஏறி மதாம் வீட்டுப் பின் வராந்தாவுக்குக் குடிபோயின. அவருக்குக் கழுத்தெல்லாம் தடித்துப்போனது. மரத்தை வெட்டச் சொன்னார். கணவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். என் கணவர் ஒரு வாரம் யோசித்து, அரிவாளை எடுத்துக்கொண்டு ஏறி, எங்கள் பக்கம் சாய்ந்திருந்த கிளையை வெட்டினார். அந்தப் பக்கக் கிளையில்தான் காய் நிறைய இருந்தது என்பது அவருடைய நியாயம். மதாம் அதை வராந்தாவில் நின்று முழுக்கப் பார்த்துவிட்டு உள்ளே போனவர், அதன் பிறகு எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகும்போது எதிரில் வந்தால்கூட என் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டு போவார்.

முதல் முட்டையைக் கண்டுபிடித்தது என் கணவரின் தலை. வார விடுமுறையில் ஹெல்மெட்டைக் கழுவி, உள்பக்கம் காய வேண்டும் என்று பின்கட்டு அலமாரியில் கவிழ்க்காமல் மல்லாத்தி வைத்திருந்தார். மறுநாள் விடியற்காலை ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு கையில் சாப்பாட்டுப் பையோடு, இன்னொரு கையால் ஹெல்மெட்டை எடுத்து ஒரே வீச்சில் தலையில் கவிழ்த்தார். ஏதோ உடைந்த சத்தம் கேட்டது. காபி டம்ளரோடு நான் வெளியே வந்தபோது அவர் அசையாமல் நின்றுகொண்டிருந்தார். நெற்றியிலிருந்து மஞ்சள் கரு மூக்கின் ஒரு பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் கோபமே இல்லை. விரலால் அதைத் தொட்டுப் பார்த்து, "நல்ல நெறம். நாட்டுக்கோழின்னா நாட்டுக்கோழிதான்" என்றார்.

தலையை அலசிவிட்டுப் போனார். ஆனால் ஹெல்மெட்டின் உள்ளே இருந்த பஞ்சில் ஊறியதை அலச நேரமில்லை. அன்று வெயில் வேறு. சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து ஹெல்மெட்டைக் கழற்றியபோது தெருநாய் இரண்டு கூடவே வாசல் வரை வந்தன.

அதன் பிறகு முட்டைகள் கண்ட இடத்தில் கிடைக்க ஆரம்பித்தன. உரல் குழியில் ஒன்று, செருப்பு அலமாரியில் ஒன்று, அயர்ன் பண்ண மடித்து வைத்த யூனிபாரம் மேல் ஒன்று. நான் கோரிமேட்டில் ஒரு மருந்துக் கடையில் கவுன்டரில் நிற்கிறேன். பெரிய ஆஸ்பத்திரிக்கு விழுப்புரம், திண்டிவனம் பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். ஒருநாள் மூக்குக்கண்ணாடியை எடுக்கக் கைப்பையைத் திறந்தால் உள்ளே ஒரு முட்டை உட்கார்ந்திருக்கிறது. மருந்துச் சீட்டோடு நின்ற அம்மா அதையும் என்னையும் பார்த்துவிட்டு, சாப்பிட மறந்துட்டியாம்மா என்று பரிவாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இனி பெட்டி வைக்காமல் சரிப்படாது என்று என் கணவர் முடிவுசெய்தார். அவர் முகத்தில் வந்த ஒளியைப் பார்க்க வேண்டுமே. இவ்வளவு நாளாக ஊராருடைய பொருளுக்குப் பெட்டி செய்தவருக்கு முதன்முதலாகத் தன் வீட்டு வேலை. முதல் பெட்டி ஐந்தடுக்கு அட்டை. குளிர்சாதனப் பெட்டிக்குப் போடுகிற தரம் என்றார். கோழிக்குப் புழுங்கக் கூடாது என்று நான்கு பக்கமும் வரிசையாகக் காற்றுத் துளை. வெளியே அம்புக்குறி போட்டு 'இந்தப் பக்கம் மேலே' என்று அச்சடித்திருந்தது. பூனை, கீரி எட்டக் கூடாது என்று, கோழிகள் தூங்குவதற்காகக் கட்டியிருந்த மூங்கிலுக்கும் மேலே, பின்கட்டு ஓட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை அடித்து அதன்மேல் வைத்தார்.

கோழிக்கு ஒரு குணம் உண்டு. தூங்குவதற்கு எது உயரமோ அங்கேதான் போகும். அன்று பொழுது சாய்ந்ததும் நான்கும் மூங்கிலை விட்டுவிட்டுப் பெட்டிக்குள் ஏறி நெருக்கியடித்துக்கொண்டு படுத்துவிட்டன. காலையில் பெட்டி முழுக்க எச்சம். முட்டை வழக்கம்போல செருப்பு அலமாரியில். பெட்டியைச் சுத்தம் செய்தார். மறுநாளும் எச்சம். அட்டையை நார்நாராகக் கிழித்து மெத்தை போட்டார். அதைக் கிளறி வெளியே தள்ளிவிட்டு எச்சம் போட்டன.

இரண்டாவது பெட்டியைக் கீழே, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். இதைப் பார்க்கச் சாம்பல் கோழி உள்ளே போனது. நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. அட்டை ஊறி, கூரை கோழி மேல் உட்கார்ந்து, கோழி பயந்து ஓட, பெட்டியே தோட்டத்தில் வட்டமடித்தது. 'இந்தப் பக்கம் மேலே' என்ற அம்புக்குறி ஒருமுறை கிணற்றைக் காட்டியது, ஒருமுறை என்னைக் காட்டியது. அன்று மதியம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன குறை இந்தப் பெட்டியில் என்று என்னிடம் கேட்டார். நான் முட்டை வைக்கிறவளாக இருந்தால் அதிலேயே வைத்திருப்பேன் என்று சமாதானம் சொன்னேன்.

அதன் பிறகு முட்டை அடியோடு நின்றுபோனது. உரலில் இல்லை, செருப்பில் இல்லை, எங்கேயும் இல்லை. என் கணவர் கீரிப்பிள்ளையைச் சந்தேகப்பட்டார். பிறகு மீட்டர் பார்க்க வந்த ஆளை. பிறகு, கடைக்குக் கொண்டுபோய் யாருக்காவது கொடுக்கிறாயா என்று என்னையே கேட்டார். நான் முறைத்ததும், விடுமுறை நாளில் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்து உட்கார்ந்தார்.

அவர் இறங்கி வந்தபோது குரல் தாழ்ந்திருந்தது. கோழிகள் ஒவ்வொன்றாகக் கிணற்று மேடையில் ஏறுகின்றன, அங்கிருந்து முருங்கைக் கிளை, அங்கிருந்து மதில். மதில் மேல் யாரோ ரொட்டித் துண்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதைக் கொத்தித் தின்றுவிட்டு அந்தப் பக்கம் குதித்துவிடுகின்றன.

"நம்ம கோழிய ரொட்டி போட்டு மயக்கி வெச்சிருக்காங்க. நீ போய்க் கேளு."

நீங்களே போய்க் கேட்கலாமே என்றேன். பெண்பிள்ளைகள் தனியாக இருக்கிற வீட்டுக்குத் தான் போவது சரியில்லை என்றார். அந்தப் பெண்பிள்ளை எழுபது தாண்டியவர்.

ஞாயிற்றுக்கிழமை மதாம் கோயிலிலிருந்து திரும்பிய பிறகு புடவை மாற்றிக்கொண்டு போனேன். பேச்சு நின்றுபோன வீட்டில் போய், என் முட்டையைக் கொடு என்று எப்படி ஆரம்பிப்பது? கோழி, எல்லை, பக்கத்து வீட்டு நாகரிகம் என்று வழியெல்லாம் வாக்கியங்களைச் சேர்த்துக்கொண்டே போனேன். பெல்லை அடித்ததும் மதாம் கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததில் வாக்கியம் எல்லாம் மறந்துபோனது.

"வாம்மா. நீ வருவ வருவன்னு எத்தினி நாளா பாத்துக்கினே இருக்கேன்."

கையைப் பிடித்துப் பின் வராந்தாவுக்கு அழைத்துப் போனார். பெரிய கிண்ணத்தில் காபி கொண்டுவந்து வைத்தார். மதிலை ஒட்டி ஒரு பழைய பிரம்பு நாற்காலி இருந்தது. நீலப் பூப்போட்ட மெத்தை நடுவில் குழிந்திருந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து எட்டிக் கை நீட்டினால் அந்த நாற்காலியைத் தொட்டுவிடலாம். மதாம் அதைக் காட்டினார்.

"மொத நாளே எனக்குப் புரிஞ்சிப் போச்சி. வாய் தொறந்து மன்னிப்புக் கேக்க ஒனக்குக் கூச்சம். அதான் தினம் தினம் முட்ட கொண்டாந்து வெச்ச. அதுவும் சுடச்சுட. கோழி போட்ட ஒடனே எடுத்துக்கினு ஓடியாறியேன்னு எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சி."

வாயில் இருந்த காபியை விழுங்க முடியவில்லை. பதில் மரியாதையாகத் தானும் தினமும் மதில் மேல் ரொட்டி வைத்ததாகவும், ஒரு துண்டுகூட மிச்சம் வைக்காமல் நான் எடுத்துக்கொண்டதே போதும், அதிலேயே மனசு நிறைந்துவிட்டது என்றும் சொன்னார். கம்பளிப்பூச்சி விஷயத்தை அன்றைக்கே மறந்துவிட்டாராம்.

சண்டைக்கு வந்த இடத்தில் என்னை நல்லவளாக்கி உட்கார வைத்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால் இந்தம்மா முகம் என்னவாகும்? சொல்லாவிட்டால் நாளையிலிருந்து நான் தினமும் ரொட்டி தின்றாக வேண்டும். என்ன செய்வது என்று கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தபோது மதில் மேல் செவலைக் கோழி வந்து நின்றது.

மிச்சமிருந்த ஒரு ரொட்டித் துண்டை முதலில் தின்றது. பிறகு தொப்பென்று வராந்தாவில் குதித்தது. எங்கள் இருவரையும் சட்டை செய்யவில்லை. தினமும் ஆபீசுக்கு வருகிற ஆள் தன் இருக்கைக்குப் போவதுபோல நடந்து போய், நாற்காலியில் ஏறி, மெத்தைக் குழியில் இரண்டு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தது. நான் எழுந்திருக்கப் போனேன். மதாம் உதட்டில் விரலை வைத்தார். அசையாமல் உட்கார்ந்தோம். கோழி கண்ணை மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. காபி ஆறிப்போனது. வெகுநேரம் கழித்து அது எழுந்து நின்று, இறகைச் சிலிர்த்து, ஊரெல்லாம் கேட்கிற மாதிரி கொக்கரித்துவிட்டு மதிலேறிப் போனது. நீல மெத்தையின் நடுவில் முட்டை.

மதாம் போய் அதைத் தொட்டுப் பார்த்தார். சூடாக இருந்திருக்க வேண்டும்.

"அப்ப நீ மன்னிப்புக் கேக்கல?"

"இல்ல மதாம்."

"ரொட்டி?"

"அதையும் அதுங்கதான் தின்னுதுங்க."

மதாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்குவதைப் பார்த்து அழுகிறார் என்று பதறிப்போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தபோதுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

"மோன் தியே! ஐயோ ஆண்டவரே, இத்தினி நாளா நான் ஒரு கோழிய மன்னிச்சிக்கினு இருந்திருக்கேன்."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்த பிறகு, மரத்து விஷயத்தில் எங்கள் மேல்தான் தப்பு என்று உண்மையாகவே மன்னிப்புக் கேட்டேன். இப்போது கேட்காதே, கோழியைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாக ஆகிவிடும் என்றார். ஆனால் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். அந்த நாற்காலி அவர் கணவருடையது. மத்தியானம் சாப்பிட்ட பிறகு அதில் உட்கார்ந்துதான் மதாம் ஜெபமாலை சொல்வார். இப்போதெல்லாம் உட்காரும் முன் தடவிப் பார்த்து உட்கார வேண்டியிருக்கிறது. கோழிகள் எங்கள் வீட்டில் முட்டை வைத்தாக வேண்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் அந்த நாற்காலியைப் பார்க்க வேண்டும் என்றார். தனியாக இருக்கிற பெண்பிள்ளை வீடு என்பதெல்லாம் அவருக்கு மறந்துபோனது. அளவு நாடாவோடு மதிலேறப் போனவரை வாசல் வழியாகக் கூட்டிப் போனேன். நாற்காலியின் நீளம், அகலம், மெத்தைக் குழியின் ஆழம் எல்லாம் அளந்தார். பிறகு மதாமிடம் அனுமதி கேட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலியில் ஏறி முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தினார். ஒரு பக்கம் மதில், ஒரு பக்கம் சுவர், முன்னால் கொடியில் காய்கிற போர்வை. அரை இருட்டு. அங்கே அப்படியே இருந்தார். மதாம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"இங்க உக்காந்தா யாருமே பாக்க முடியாது," என்றார் உள்ளேயிருந்து. "நல்லா இருக்குது."

இறங்கி வந்ததும் தன் தவறு என்ன என்று என்னிடம் விளக்கினார். அவர் இத்தனை காலமும் லாரியில் போகிற பொருளுக்கே பெட்டி செய்துவந்தவர். வெளிச்சமும் காற்றும் கோழிக்குத் தேவையாக இல்லை. அதற்கு மறைவு வேண்டும், மெத்து வேண்டும், தூங்குகிற மூங்கிலைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். தொழிற்சாலையில் கேட்டு, உடைந்துபோன சரக்குப் பலகைகளை வாங்கி வந்து, இரண்டு மரப்பெட்டிகள் செய்தார். முன்பக்கம் வைக்கோல் சரியாமல் இருக்க ஒரு சின்னத் தடுப்பு, அதற்கு மேல் சாக்குத் திரை. கிணற்று மேடைக்குப் பின்னால் நிழலான மூலையில் இரண்டையும் வைத்தார். இரண்டாவதை இன்னும் நுணுக்கமாக, மூலைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்திருந்தார்.

கோழிகள் பெரும்பாலும் உச்சிப் பொழுதுக்கு முன்பே முட்டை வைத்துவிடும் என்பதால், அதுவரை அவற்றை வெளியே விடாமல் மூங்கிலையும் சேர்த்து வலை கட்டி மூலையிலேயே அடைத்தோம். அன்று காலை எங்கள் தோட்டத்தில் எழுந்த சத்தம் சொல்லி மாளாது. மதாம் மதிலுக்கு மேல் தலையை நீட்டி என்ன ஆயிற்று என்று கேட்டார். சாம்பல் கோழி பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, பெட்டிக்கு வெளியே ஒரு சாண் தள்ளித் தரையில் வைத்தது. மறுநாள் கறுப்புக் கோழி மூங்கிலில் நின்றபடியே போட்டு உடைத்தது. அடுத்தடுத்த நாட்களில் பத்து மணி ஆனால் மதாமின் தலை மதிலுக்கு மேல் வந்துவிடும். இன்றைக்கு யார், எங்கே என்று கேட்பார். ரொட்டி வைப்பதை மட்டும் நிறுத்திவிட்டிருந்தார்.

பெட்டியில் ஏற்கெனவே ஒரு முட்டை இருந்தால் கோழிக்கு நம்பிக்கை வரும் என்று என் கணவர் போனில் எங்கோ பார்த்தார். நிஜ முட்டையை வைத்தால் கொத்தி உடைத்துத் தின்னப் பழகிவிடும் என்று பயம். பிங்பாங் பந்து வைத்தார். புள்ளிக் கோழி அதைத் தோட்டமெல்லாம் உருட்டி விளையாடியது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த மதாம் உள்ளே போய், தையல் கூடையிலிருந்து ஒரு மரமுட்டையை எடுத்து வந்து மதில் வழியாக நீட்டினார். காலுறை கிழிந்தால் அதை உள்ளே விட்டு, அதன்மேல் நூல் ஓட்டித் தைப்பார்களாம். கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. பட்டாளத்து மனிதரின் காலுறைகளையெல்லாம் அதில்தான் தைத்ததாகச் சொன்னார். தடவித் தடவி வழவழவென்று ஆகி, நாட்டுக்கோழி முட்டையைவிடக் கொஞ்சம் கறுத்து இருந்தது. என் கணவர் வெள்ளைப் பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டார். மதாம் பார்த்த பார்வையில் அந்த யோசனையைக் கைவிட்டார்.

அன்று நான் வேலைக்குப் போய்விட்டேன். அவருக்கு விடுமுறை. கவுன்டரில் கூட்டம் நெரிக்கிற நேரத்தில் போன் வந்தது. எடுத்ததும் அவர் சொன்ன ஒரே வார்த்தையில் நான் இடம் பொருள் மறந்து, "ஆயிடுச்சா? கஷ்டப்படாம ஆயிடுச்சா?" என்று கத்திவிட்டேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். மாத்திரைக்காகக் காத்திருந்த விழுப்புரத்துப் பெரியவர் ஒருவர், பேரப்பிள்ளையா அம்மா, ஆணா பெண்ணா என்று கேட்டார். இல்லை ஐயா, கோழி, பெட்டியில் முட்டை வைத்துவிட்டது என்றேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, அதுவும் நல்ல சேதிதான் என்றார். ஆஸ்பத்திரிக்கு வந்த இடத்தில் எந்த நல்ல சேதியையும் அவர் வீணாக்கத் தயாராக இல்லை.

முட்டை வைத்தது கறுப்புக் கோழி. மரமுட்டைக்குப் பக்கத்திலேயே, தொட்டுக்கொண்டு இருந்ததாம். சாயங்காலம் நான் வரும்வரை என் கணவர் அதை எடுக்காமல் காவல் காத்தார். மதாமும் மதில் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கூடவே காவல் காத்தார். இருவரும் தொழிற்சாலை, பாரிஸ், சர்க்கரை வியாதி என்று என்னென்னவோ பேசியிருக்கிறார்கள்.

ஒருநாள் அவசரத்தில் மரமுட்டையையும் சேர்த்து எடுத்துக் குழம்புக்கு வேகப்போட்டுவிட்டேன். ஒன்று மட்டும் மிதந்தது. கூமுட்டை என்று எடுத்துத் தட்டினால் உடையவில்லை. ஓங்கித் தட்டியபோது அம்மிக்கல்லில் டொக்கென்று சத்தம் வந்த பிறகுதான் புரிந்தது. துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, சத்தமில்லாமல் திரும்ப வைத்தேன். மதாம் மறுநாள் மதிலிலிருந்து பார்த்துவிட்டு, முன்னைக்கு இப்போது பளபளப்பாக இருக்கிறதே, கோழி உட்கார்ந்து உட்கார்ந்துதான் என்று சந்தோஷப்பட்டார்.

கறுப்பைப் பார்த்துச் சாம்பலும், சாம்பலைப் பார்த்துப் புள்ளியும் பெட்டிக்குப் பழகின. ஆனால் மூன்றும் ஒரே பெட்டிக்குத்தான் போயின. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இரண்டாவது பெட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. முதல் பெட்டியில் ஒன்று உட்கார்ந்திருக்கும்போது மற்றது திரைக்கு வெளியே காத்து நிற்கும். பொறுமை இழந்தால் உள்ளே இருப்பதன் முதுகிலேயே ஏறி உட்காரும். என் கணவர் மரமுட்டையை இரண்டாவது பெட்டிக்கு மாற்றினார். பயனில்லை. வைக்கோலை மாற்றினார். கடைசியில் பெட்டிகளையே இடம் மாற்றி வைத்தார். அப்போது மூன்றும் இரண்டாவது பெட்டிக்குப் போயின. அவற்றுக்கு மூலைதான் முக்கியம், பெட்டி இல்லை. அவர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் தரம் தெரிந்துவிட்டது என்று என்னிடம் சொன்னார். நான் ஆமாம் என்றேன்.

மிச்சம் செவலை. அதை மட்டும் எதுவும் அசைக்கவில்லை. வலைக்குள் அடைத்தால் உச்சி வரை முட்டையை அடக்கிக்கொண்டு நிற்கும். வலையை எடுத்த உடனே கிணறு, முருங்கை, மதில், நாற்காலி. ரொட்டி இல்லாவிட்டாலும் போனது. இறகைக் கொஞ்சம் கத்தரித்துப் பார்த்தோம். பறக்க முடியாமல் மரத்தில் நடந்தே ஏறிப் போனது. என் கணவர் மதாமிடம் போய், இன்னும் ஒரு வழி இருக்கிறது, கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். மதாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"விடுப்பா. அது ஒப்சியோன் எழுதிக் குடுத்துடுச்சி."

எங்கள் ஊருக்கு வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது. பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிப் போனபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் அதை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்குத்தான் ஒப்சியோன் என்று பெயர். மதாமின் மாமனார் அப்படி எழுதிக் கொடுத்தவர். ஒரே தெருவில் அண்ணன் பிரெஞ்சுக் குடிமகன், தம்பி இந்தியக் குடிமகன் என்று ஆன வீடுகள் எங்கள் ஊரில் உண்டு. இப்போது கோழிகளிலும் ஆகிவிட்டது.

மதாம் தனக்கென்று ஒரு புது பிரம்பு நாற்காலி வாங்கிப் பழையதுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். என் கணவரால் சும்மா இருக்க முடியவில்லை. செவலைக்கென்றே மூன்றாவதாக ஒரு மரப்பெட்டி செய்தார். மதாமிடம் கேட்டு அதே நீல மெத்தையை உள்ளே போட்டு, பெட்டியைப் பழைய நாற்காலியின் மேலேயே தூக்கி வைத்தார். அளவு நூல் பிசகாமல் பொருந்தியது. நாங்கள் மூன்று பேரும் மதாமின் சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தோம். செவலை மதிலிலிருந்து குதித்தது. பெட்டியின் முன்னால் நின்றது. கழுத்தை உள்ளே விட்டு எல்லா மூலையையும் பார்த்தது. என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கோழி கழுத்தை வெளியே எடுத்து, இறங்கி நடந்து, மதாமின் புது நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது.

பெட்டியை எடுத்துவிட்டோம். மெத்தையைத் துவைத்துப் பழைய நாற்காலியில் போட்டோம். இப்போது அதில் மதாம் உட்கார்கிறார். பக்கத்தில் புது நாற்காலியில் செவலை உட்கார்கிறது. அந்த முட்டையை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டோம். வாரத்துக்கு ஒருதரம் கேக் செய்து, பாதியை வாசல் வழியாகத் தட்டில் வைத்து மூடிக் கொண்டுவந்து தருகிறார். முருங்கையின் அந்தப் பக்கக் கிளையையும், செவலை மதிலேற ஒரு முழம் மட்டும் விட்டுவிட்டு, என் கணவர் போன மாதம் வெட்டிவிட்டார். காய் அதில்தான் நிறைய இருந்தது என்பதில் அவர் சொன்னது சரிதான்.